ரெண்டாவது ஆளு

ஊதாத, ஊதாத தம்பி. இந்த வீடியோ கேம் கேசட்ட கையில எடுத்தா எல்லாரும் மொதல்ல வாயிலதான் வச்சி ஊதுறாங்க. எச்சி பட்டு பட்டு உள்ள கீற பித்தள பல்லு கறுத்து போவும். தோ, இந்த பனியன் துணியால லேசா தொடச்சி போடு. ஆங், அப்டிதான். சேர இழுத்து ஃபேனுக்கு கீழ போட்டுகினு குந்து. செல்ல கீழ வச்சிடு. படம் புடிக்கணும்னா பொட்டிய புடி, டிவிய புடி. என் மூஞ்சியும் வேணாம், கொரலும் வேணாம்.

மறுபடியும் டப்பு பேச்சா? போன்லயே சொன்னேன் இல்ல, ஒண்ணியும் வேணாம், சொம்மா எடுத்துகினு போன்னு. ஒரே ஒரு கண்டிசன்தான். நாலு மணிக்குள்ள நீ கெளம்பிடணும். என் சம்சாரம் கிரேஸு ஜெபவீட்டுக்கு போயிருக்கா. கூட்டம் முடிஞ்சி நாலு, நாலே காலுக்கு வந்துடுவா. அவ வரும்போது இந்த பொட்டி இந்த ஊட்டுல இருக்க கூடாது. ரிப்பேருக்கு குடுத்தேன்னு சொல்லிக்கிறேன். அப்பால கடக்காரன் ஊர மாத்திகினு பூட்டான்னு எதனா சொல்லிக்கலாம். பொய் சொல்றதுக்கு எனக்கு சொல்லியா குடுக்கணும்?

திருட்டு பொருளா? நல்லா கேட்ட போ. பர்மா பஜார்ல பில்லு இல்லாம வாங்குனது, அவ்ளோதான் திருட்டு. பாதி என்னுது, பாதி என் மச்சானுது. தோ, ஷோகேசு மேல சீரியல் லைட்டுக்கு நடுவுல சிரிச்சிகினு கீறான் பாரு, அவன்தான். அன்புராஜு. கிரேஸோட அண்ணன். எனக்கு மச்சான் ஆவுறதுக்கு முன்னாடியே சிநேகிதன். தொண்ணூத்தெட்டுல பூட்டான். இன்னியோட இருவத்தாறு வருசம் ஆவுது. ஆமா, இன்னிக்குதான். அதுக்குதான் ஜெபவீட்ல கூட்டம்.

நான் ஏன் போவலயா? முட்டி வலின்னு சொல்லிட்டேன். வலி கீது, பொய் இல்ல. போவ முடியாத அளவுக்கு இல்ல, அவ்ளோதான். அத்த வுடு.

இன்னா கேட்ட, இந்த கேமு எங்க கையில எப்டி வந்துச்சின்னா? கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டாண்ட பாஸ்கர்னு ஒருத்தரு வீடியோ கேம் கட வச்சிருந்தாரு. ஆளு ஒசரத்துக்கு நாலு பொட்டி. ஒரு ரூபா காயினு போட்டா ஒரு ஆட்டம். அதுல ஒண்ணு இந்த சொரங்க கேமு. இங்கிலீஷ்ல ஒரு பேரு கீதாமே, என் பொண்ணு ஹெலன் சொல்லுச்சி, வாயில நுழையல. நாங்க சொரங்கம்னுதான் சொல்லுவோம். செவப்பு சட்ட போட்டவன் ஒருத்தன், நீல சட்ட போட்டவன் ஒருத்தன். உள்ள தங்கம் பொறுக்கிகினு, மேலேர்ந்து வுழுற கல்லுக்கு தப்பிச்சி, ஏணி ஏறி கதவாண்ட போவணும். நான் செவப்பு, அன்பு நீலம். அந்த பெரிய பொட்டில ஒருத்தன் செத்தாதான் இன்னொருத்தன் ஆடலாம். நான் ஆடிகினே இருந்தா அவன் பக்கத்துல நின்னு, செத்துத் தொலடா, செத்துத் தொலடான்னு உயிர வாங்குவான். அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சிப்டு. மில்லு வுட்டு மூஞ்சில கரியோட நேரா அங்கதான் போவோம். அவங்க அம்மா எளாவூர்ல சோறாக்கி வச்சிகினு காத்துகினு இருக்கும், இவன் இங்க கல்லுக்கு தப்பிச்சிகினு இருப்பான்.

அப்பால எனக்கும் கிரேஸுக்கும் கல்யாணம் ஆச்சி. மறு வருசம் நான் டிவி வாங்குனேன். அன்பு ஒரு நாயித்துக்கிழம காலீல லோக்கல் ரயிலு ஏறி பீச்சு ஸ்டேசன் போயி, பர்மா பஜார்ல இந்த பொட்டியயும் கேசட்டயும் வாங்கியாந்தான். சொரங்கம் கேமு, ஊட்டுலயே ஆடலாம், காயினே வேணாம்னு பையில கட்டிகினு ஓடி வந்தான்.

போட்டு பாத்தா... நீதான் பாத்திருப்பியே, போட்டோவுல. எவ்ளோ கேவலமா கீது. பெரிய பொட்டில கல்லு கல்லு மாதிரி இருக்கும், இதுல சதுரம் சதுரமா சாக்பீசு துண்டு வுழுது. பாட்டுன்னு ஒண்ணு வருது, ஐஸ் வண்டிக்காரன் மணி அடிக்கிற மாதிரி. மெனுல ஒருத்தர் ஆட்டம், ரெண்டு பேர் ஆட்டம்னு ரெண்டு கீது. ஒருத்தர் ஆட்டம்னு போட்டா டிவி அப்டியே உறைஞ்சி நின்னுடும், கரண்ட்ட புடுங்கி மாட்டணும். அதான் ஒருத்தனும் வாங்கலன்னு கட பாயே சொன்னாராம், இவன்தான் பேரம் பேசி தூக்கியாந்துகிறான். நான் அவன காறித் துப்பாத கொற. ஏமாந்துட்டியேடான்னேன். இவன் அசரல. வாடா, ரெண்டு பேரா ஆடலாம்னு நீல ஜாய்ஸ்டிக்க எடுத்துகினு குந்திட்டான். தோ, அதுதான், ஒயரு சுத்தி இன்சுலேசன் டேப்பு ஒட்டிகீதே, அதான் அவன்து.

ஆடுனப்பதான் தெரிஞ்சுது. பெரிய பொட்டில இல்லாதது ஒண்ணு இதுல கீது. ரெண்டு ஆளும் ஒரே நேரத்துல உள்ள வராங்க. செத்துத் தொலன்னு நிக்க வேணாம். கதவாண்ட ரெண்டு பலக கீது. ஒண்ணுல செவப்பு நிக்கணும், ஒண்ணுல நீலம் நிக்கணும். ரெண்டாவது ஆளு வர்ற வரைக்கும் கதவு தொறக்காது. நீ எவ்ளோ பெரிய ஆட்டக்காரனா இரு, எவ்ளோ தங்கம் பொறுக்கி வச்சிரு, அவன் வரணும். எவன் இத்த செஞ்சான்னு தெரியல தம்பி. மத்த எல்லாத்துலயும் கோட்ட வுட்டவன் இத்த மட்டும் யோசிச்சி செஞ்சிகிறான்.

ஆமா, நாலாவது ஸ்க்ரீனு. அதாண்டதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்கன்னு ஹெலனும் நெட்ல பாத்து சொல்லுச்சி. அதுல கீழ ஒரு இரும்பு கம்பி கீது. ஒருத்தன் அத்த புடிச்சிகினு நின்னாதான் மேல் கூர நிக்கும். பட்டன்லேர்ந்து கைய எடுத்தா கூர எறங்கும். அவன் புடிச்சிகினு நிக்கும்போதே இன்னொருத்தன் ஏறி, மேல கீற பலகையில நிக்கணும். நின்னா கூர அப்டியே மாட்டிக்கும், அப்பால கீழ கீறவன் கைய வுட்டுட்டு ஏறி வரலாம். ஒண்ணர நிமிசம். அதுக்குள்ள மேல கீறவன் போய் சேரலன்னா கீழ நெருப்பு வந்துடும். கம்பிய புடிச்சவன்தான் சாவான். மேல கீறவனுக்கு ஒண்ணியும் ஆவாது.

அதுக்கு அப்பால இன்னா வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதா? எனக்கு தெரியும். ஒரு வாட்டி பாத்துருக்கேன். சொல்றேன் இரு, ஏன் இப்டி சேர வுட்டு எழுந்துக்குற? குந்து. மோர் குடிக்கிறியா? அவ கரைச்சி வச்சிட்டுதான் போனா.

நாங்க ரெண்டு பேரும் சிப்காட்ல கம்பி மில்லுல வேல. மில்லு பேரு எதுக்கு, இப்ப அங்க குடோன் கட்டிட்டாங்க. உள்ள வேல எப்டின்னா, சூளையிலேர்ந்து இரும்பு பழுத்து செவப்பா வரும். உருளைக்கு அந்தாண்டலேர்ந்து தலைய நீட்டும். இந்தாண்ட ஒருத்தன் நீளமா கொறடு வச்சிகினு நிக்கிறான். வர்ற தலைய கப்புன்னு புடிச்சி, திருப்பி, அடுத்த உருளையில வுடணும். புடிக்க தப்புனா கம்பி பாம்பு மாதிரி எகிறும், எந்த பக்கம் போவும்னு ஆண்டவருக்குதான் தெரியும். அந்த அனலுக்கு அரமணி நேரம் நின்னா அரமணி நேரம் ஒக்காரணும், அதான் மொற. சிப்டு மாறுறதுக்காக மில்ல நிறுத்த மாட்டாங்க. கொறடு கையிலேர்ந்து கைக்கு மாறும். ரிலீவர் வராம எடத்த வுட்டு ஒருத்தனும் போவ மாட்டான். போவ கூடாதுன்னு போர்டு ஒண்ணும் இல்ல. போவ மாட்டான், அவ்ளோதான். நீ பூட்டா அந்த கம்பிய யாரு புடிக்கிறது?

கல்யாணத்துக்கு அப்பால எங்கள தனித்தனி சிப்டுல போட்டுட்டாங்க. ஒண்ணா இருந்தா பேசிகினே கீறாங்கன்னு ஃபோர்மேன் நாகமுத்து பெரிசு போட்டு குடுத்துட்டாரு. அன்பு காலீல ஆறு மணி, நான் மத்தியானம் ரெண்டு மணி. அவன் கையிலேர்ந்து நான்தான் கொறட்ட வாங்குவேன். தெனம் ஒரு நிமிசம்தான் பாத்துக்குவோம். அந்த ஒரு நிமிசத்துலயும் இன்னா பேச்சுன்ற? நாலாவது ஸ்க்ரீனு. டேய் சாம்சா, நாயித்துக்கிழம அந்த இடது ஏணில போடா, வலதுல போவாதன்னு கத்திகினே போவான்.

நாயித்துக்கிழம ஜெபம் முடிஞ்சி, மாட்டுக்கறி கொழம்பு ஊத்தி சோறு துன்னுட்டு ரெண்டு பேரும் டிவி முன்னாடி குந்துவோம். கிரேஸு கத்துவா. ரெண்டு எரும ரெண்டு ஒயர புடிச்சிகினு கீதுங்கன்னு சொல்லுவா. மொத மூணு ஸ்க்ரீனு சுலுவு. நாலாவதுல எப்பவும் அவன்தான் கம்பிய புடிப்பான். நீ போடா, நான் புடிச்சிகினு கீறேன்னுவான். ஒரு வாட்டி கூட கைய எடுத்தது இல்ல. நான்தான் மேல கோட்ட வுடுவேன். கல்லு வுழுறத பாத்து நின்னுடுவேன், ஏணி மாறி ஏறிடுவேன், ஒரு வாட்டி தங்கத்த பாத்து அந்தாண்ட பூட்டேன். நெருப்பு வந்து நீல ஆளு எரிவான். எரியும்போது கைய கைய ஆட்டுவான், கொயந்த பொம்ம மாதிரி.

அன்பு சிரிச்சிகினே கலாய்ப்பான். கீழ ஒருத்தன் ஒன்ன நம்பி நின்னுகினு கீறான், நீ மேல வேடிக்க பாத்துகினு கீறியேடான்னுவான். மில்லுல எல்லாராண்டயும் சொல்லி வச்சிட்டான். நான் கொறடு வாங்க போனாலே, தோ வந்துட்டாருப்பா தங்கம் பொறுக்குறவருன்னுவாங்க. எனக்கு சுள்ளுன்னு ஏறும். சொம்மா வெளாட்டுதான், ஆனா ஏறும். இருடா ஒனக்கு வச்சிகிறேன்னு நெனச்சிகினேன். நீ இல்லாமலே முடிச்சி காட்றேன்னு. காலீல மில்லு இல்லியே எனக்கு. பதினொரு மணிலேர்ந்து ஒண்ணர வரைக்கும் தனியா குந்தி ஆடுவேன்.

ரெண்டு ஆளயும் ஒருத்தனே எப்டி ஆடுறதா? மொத மூணு ஸ்க்ரீன்ல ஒருத்தன கொண்டு போயி நிக்க வச்சிட்டு இன்னொருத்தன ஓட்டலாம். நாலாவதுலதான் பேஜாரு. பட்டன வுட முடியாதே. அதுக்கும் வழி கண்டுபுடிச்சேன். பால் பாக்கெட்டுக்கு போடுற ரப்பர் பேண்டு ரெண்டு. நீல ஜாய்ஸ்டிக் மேல இறுக்கி சுத்துனேன்னா பட்டன் அமுங்கியே இருக்கும். நீல ஆளு கம்பிய புடிச்சிகினு நிப்பான். நான் செவப்பு ஆள மேல ஏத்தணும், அப்பால ரப்பர கயட்டிட்டு நீல ஆள ஏத்தணும். எழுதிக்கிறியா? எழுதிக்க. பழைய கேமு சேக்குற ஒங்க கூட்டத்துக்கு சொல்லு.

அன்புக்கு இன்னா ஆச்சின்னு கேக்க மாட்டியா? கேமு கேமுன்னு அதுலயே கீற. கோவம் இல்ல தம்பி. ஒன் வயசுல நானும் அப்டிதான்.

ஊர் ஒலகத்துக்கு தெரிஞ்சத சொல்றேன். அன்னிக்கு எனக்கு ரெண்டு மணி சிப்டு. இங்கேர்ந்து சைக்கிள்ல இருவது நிமிசம். கிரேஸு ஏழு மாசம், ஹெலன் வயித்துல. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு போயிருந்தா, அவங்க அம்மா கூட. நான் ஒண்ணரைக்கு கெளம்புனேன். வழில சைக்கிளு பஞ்சரு. வேலிக்காத்தான் முள்ளு, இத்தினி நீளம். அந்த ரோட்ல பஞ்சர் கட ஏது, தள்ளிகினு போனேன். அங்க ரெண்டு மணிக்கு அன்புவோட மொற முடியுது. நான் வரல. அவன் கூட இருந்தவன் தன்னோட ரிலீவராண்ட குடுத்துட்டு பூட்டான். அன்பு வேற யாராண்டயாவது குடுத்துட்டு போயிருக்கலாம். சாம்சன் வந்துடுவான், அவன் சம்பளத்துல கைய வச்சிடுவாங்க, நான் நிக்கிறேன்னுகிறான். எட்டு மணி நேரம் அனல்ல வெந்தவன். ரெண்டே காலுக்கு கம்பி எகிறுச்சி.

அவ்ளோதான். மேல கேக்காத. மூஞ்சிய மூடிதான் ஊட்டுக்கு எடுத்துகினு வந்தாங்க.

நான் சைக்கிள தள்ளிகினு மில்லு கேட்டுக்கு போறேன், டயரு தரையில ஒட்டிகினு கீது. எல்லாரும் என்ன கட்டிகினு அழுவுறாங்க. நாகமுத்து பெரிசு டயர பாத்துட்டு தலையில அடிச்சிகினாரு. பஞ்சர் ஆவாம இருந்தா நீ நின்னுருப்படா அந்த எடத்துலன்னாரு. அவரு வாயிலேர்ந்துதான் மொதல்ல அது வந்துச்சி. கிரேஸு அத்த அப்டியே புடிச்சிகினா.

அவள தப்பா நெனைக்காத. அண்ணன்னா உயிரு அவளுக்கு. பத்து நாளு சோறு தண்ணி இல்லாம கெடந்தா. கொயந்த பொழைக்குமான்னே டாக்டரம்மா பயந்துட்டாங்க. அப்ப எதையாவது புடிச்சிகினாதான் அவ எழுந்துக்க முடியும். பதினோராவது நாளு எழுந்து வாசலுக்கு வந்தா. சைக்கிளு அப்டியே செவுத்துல சாஞ்சிகினு கீது, நான் தொடல. கீழ குந்தி டயர தடவி தடவி பாத்து அந்த முள்ள புடுங்குனா. பைபிள்ல வச்சா. இன்னிக்கும் கீது, செலோ டேப்பு போட்டு ஒட்டி, சங்கீதம் தொண்ணூத்தொண்ணு பக்கத்துல.

வருசா வருசம் இதே நாள்ல ஜெபவீட்ல எழுந்து நின்னு சாட்சி சொல்லுவா. கர்த்தர் என் அண்ணன எடுத்துகினாரு, ஆனா வயித்துல புள்ளயோட என்ன விதவையா வுடல, ஒரு முள்ள அனுப்பி என் புருசன ரோட்ல நிறுத்துனாருன்னு. முள்ள தூக்கி காட்டுவா. சனம் எல்லாம் அல்லேலூயா சொல்லும், பொம்பளைங்க அழுவும். சூளூர்பேட்டலேர்ந்து எல்லாம் வந்து கேட்டுட்டு போறாங்க. ஒரு வாட்டி ஒரு அம்மா அந்த முள்ள தொட்டு கண்ணுல ஒத்திகினாங்க. நான் பக்கத்து பாய்ல குந்திகினு தலைய ஆட்டுவேன். இந்த வருசம் பாஸ்டரு, பிரதரும் மேல வந்து சாட்சி சொல்லணும்ட்டாரு. அதான் முட்டி வலி.

இப்ப ஏன் இத்த தர்றேன்னுதான கேக்குற, இத்தினி வருசம் வச்சிருந்துட்டு? அவன் செத்தப்ப துணில கட்டி பரண் மேல போட்டது. தூக்கி எறிய மனசு வரல, எறக்கி பாக்கவும் தெம்பு இல்ல. போன மாசம் ஹெலனுக்கு நிச்சயதார்த்தம்னு ஊட்டுக்கு வெள்ள அடிச்சோம். கிரேஸு பரணேறி இத்த எறக்கிட்டா. தொடச்சி, அவன் போட்டோவுக்கு கீழ ஷோகேசுல வச்சா. தெனம் எனக்கு முன்னாடி. அதோட வுட்டாளா? ஒரு நாயித்துக்கிழம சோறு துன்னுட்டு, இது இன்னும் ஓடுதா பாரேன், நீயும் அண்ணனும் எப்டி ஆடுனீங்கன்னு எனக்கு சொல்லிக் குடேன்னா. அம்பது வயசு பொம்பள, சின்ன புள்ள மாதிரி கேக்குறா. எப்டி மாட்டேன்றது?

பழைய டிவில மாட்டுனேன். ஓடுச்சி. இருவத்தாறு வருசம் கழிச்சி அந்த ஐஸ் வண்டி மணி. அவ நீலத்த எடுத்துகினா. நல்லாவே ஆடுனா தம்பி, அண்ணன் ரத்தம் இல்ல? அன்னிக்கே மூணு ஸ்க்ரீனு தாண்டிட்டோம். நாலாவது வந்துச்சி. அவளா போயி கம்பிய புடிச்சிகினா. புடிச்சிகினு என்ன திரும்பி பாத்து, நீ போ, நான் புடிச்சிகினு கீறேன்னா. அதே வார்த்த தம்பி. யாரும் சொல்லிக் குடுக்கல. செவப்பு ஆளு ஏணில பாதில நிக்கிறான். போய்யா, போய்யா, நெருப்பு வருதுன்னு அவ கத்துறா, சிரிச்சிகினே கத்துறா. நான் எழுந்து போயி சுச்ச அணைச்சிட்டேன். கண்ணு எரியுதுன்னேன். மறுநாளே ஹெலனாண்ட, அம்மாவுக்கு தெரியாம இத்த நெட்ல போடுமான்னு சொல்லிட்டேன். அவ மறுபடியும் ஒரு நாளு கேப்பா, என்னால முடியாது. அதான் நீ வந்து குந்திகினு கீற.

வேணாம். நான் ஆட மாட்டேன். எடுத்துகினு போயி ஒன் சிநேகிதன் கூட ஆடு. அப்ப கடைசி ஸ்க்ரீன்ல இன்னா கீதுன்னு சொல்லணுமா? சொல்றேன். தள்ளு வண்டி மாதிரி ஒண்ணு வருது. ரெண்டு பேரும் ஏறி குந்துறாங்க. நீலம் முன்னாடி, செவப்பு பின்னாடி. வண்டி சொரங்கத்த வுட்டு வெளிய போவுது. அந்த கேம்ல மொத வாட்டி ஆகாசம் வருது, ஒரு மஞ்ச சூரியன், அதுவும் சதுரம்தான். நீல ஆளு திரும்பி செவப்பு ஆள பாத்து கைய ஆட்டுறான். பெரிய பொட்டில இது கெடையாது. அதுல முடிவே இல்ல, திரும்பத் திரும்ப மொதல்லேர்ந்து வந்துகினே இருக்கும். இந்த தரித்திரம் புடிச்ச கேசட்லதான் வெளிய போற வழி கீது.

தேதியா? தேதி எதுக்கு? ஓ, மொத மொதல்ல முடிச்ச ஆளுன்னு போடணுமா. என் பேரயா. வேணாமே.

சரி, எழுதிக்க. பேரு போடாம தேதி மட்டும் எழுதிக்க. இன்னிக்கு தேதிதான். வருசம் தொண்ணூத்தெட்டு. டைமும் வேணும்னா சொல்றேன், தோ அந்த ஆணில கடியாரம் மாட்டியிருந்துச்சி. ரெண்டு மணி பத்து நிமிசம்.

ஆமா. மத்தியானம்தான்.

ஏன் எழுதறத நிறுத்திட்ட?

ஒண்ணரைக்கு சட்ட போட்டுகினு ரெடியா இருந்தேன் தம்பி, சோத்து டப்பா கூட சைக்கிள்ல மாட்டிட்டேன். அதுக்கு முந்தின ஆட்டத்துல நூலிழையில கோட்ட வுட்டேன். இன்னொரு வாட்டின்னு குந்துனேன். அப்பால இன்னொரு வாட்டி. கடியாரத்த பாத்தேன், பாக்கலன்னு சொல்ல மாட்டேன். அன்பு நிப்பான், திட்டுவான், போயி முடிச்சிட்டேன்டான்னு சொன்னா வாயடைச்சி பூடுவான்னு நெனச்சேன். நீல ஆளு ரப்பர் பேண்டுல கம்பிய புடிச்சிகினு நின்னான், நான் அவசரமே இல்லாம ஏறுனேன். வண்டி வெளிய போனப்ப தனியா ஊட்டுக்குள்ள குதிச்சேன். சிரிச்சிகினே சைக்கிள எடுத்துகினு போனேன். சிப்காட் ரோடு திரும்புற எடத்துல நாகமுத்து பெரிசோட மவன் சரவணன் எதுருல ஓடியாரான். அண்ணே, ஒங்க மச்சான்னான். நிக்காம ஆம்புலன்சு கூப்புட ஓடிட்டான்.

நான் ஓடல. மில்லு தெரியுது, சங்கு ஊதுறது கேக்குது. ரோட்டோரம் சைக்கிள நிறுத்துனேன். டயருல காத்து கல்லு மாதிரி இருந்துச்சி, அன்னிக்கு காலீலதான் அடிச்சேன். வேலிக்காத்தான்ல ஒரு முள்ள ஒடச்சேன். மொத வாட்டி போவல, வழுக்கிச்சி. ரெண்டாவது வாட்டி கட்ட விரல வச்சி அமுக்குனேன். காத்து மொத்தமும் போற வரைக்கும் அங்கயே குந்திகினு இருந்தேன். அப்பால தள்ளிகினு போனேன்.

கேட்டு சத்தம். சீக்கிரம் வந்துட்டா. மணி நாலு கூட ஆவல. வேணாம், இப்ப எழுந்து ஓடுனா சந்தேகப்படுவா. பொட்டிய பையில போட்டு சேருக்கு அடியில தள்ளு, ஒயரயும் தள்ளு. ஹெலன் கம்பெனில வேல செய்யிற பையன், இந்த பக்கம் வந்தேன்னு சொல்லு. மோர் குடுப்பா, வாங்கிக்க. குந்த வச்சி சாட்சி சொல்லுவா, புது ஆளு கெடைச்சா வுட மாட்டா. பைபிள தொறந்து அந்த முள்ள ஒன் உள்ளங்கையில வச்சி காட்டுவா. நீ ஒண்ணியும் பேச வேணாம் தம்பி. என்ன மட்டும் பாக்காத. தலைய ஆட்டு, போதும்.